இசை கேள்வி – பதில்: அபூர்வ ராகம் யாருக்கு அபூர்வம்?

கேள்வி: எங்கள் ஊர் சபாவில் ஒரு பாடகி நவரோஜை 'அபூர்வ ராகம்' என்று சொல்லிப் பாடினார். பக்கத்தில் இருந்த கோயில் ஓதுவார், "இது நாங்க தினம் பாடறதாச்சே" என்றார். யார் சொல்வது சரி? எது அபூர்வம், எது சாதாரணம் என்று பட்டியல் ஏதாவது உண்டா?
– வாசகர், மயிலாடுதுறை

பட்டியல் கிடையாது. இருவர் சொன்னதும் சரி. நவரோஜ் இதற்கு மிகப் பொருத்தமான ராகம் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

நவரோஜ் சங்கராபரணத்தின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்த ராகம். மந்தர ஸ்தாயி பஞ்சமத்தில் தொடங்கி மத்திய ஸ்தாயி பஞ்சமத்தோடு நின்றுவிடும்: ப த நி ச ரி க ம ப, ப ம க ரி ச நி த ப. மேல் ஷட்ஜத்துக்கே போகாது. கச்சேரிப் பாடகருக்கு இது பெரிய தடை. ஆலாபனையைக் கட்டி எழுப்பி, தார ஸ்தாயியில் நின்று கைதட்டு வாங்கும் வழக்கமான அமைப்பு இதில் நடக்காது. ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவலுக்கும், மேடையிலேயே சுரம் கோக்கும் கல்பனா ஸ்வரத்துக்கும் இடம் குறைவு. அதனால் பிரதான ராகமாக யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் ஒரு சின்ன உருப்படியோடு நகர்ந்துவிடுவார்கள். சபாவில் மட்டும் இசை கேட்பவருக்கு நவரோஜ் ஆண்டுக்கு ஒரு முறை காதில் விழுந்தால் அதிகம்.

ஓதுவார் மரபில் கதை வேறு. தேவாரத்தின் 'கொல்லி' என்ற பண்ணை (பண் என்பது பழந்தமிழ் ராகம்) அவர்கள் நவரோஜில்தான் பாடுகிறார்கள். அப்பரின் முதல் பதிகமான 'கூற்றாயினவாறு' கொல்லி. சம்பந்தரின் 'மண்ணில் நல்ல வண்ணம் வாழலாம்' அதுவும் கொல்லி. பின்னது திருமண வீடுகளிலும் பாடப்படுவது. சிவன் கோயில் வாசலில் பூக்கட்டும் பெண்மணிக்கு, ராகத்தின் பெயர் தெரியாமலே, நவரோஜின் பிடிகள் (அதற்கே உரிய சுரச் சேர்க்கைகள்) அத்துப்படியாக இருக்கலாம். முன்வரிசை ரசிகருக்கு அப்படி இராது.

'அபூர்வம்' என்று சொல்லும்போது மூன்று வேறு அளவைகளை நாம் குழப்பிக்கொள்கிறோம். அந்த ராகத்தில் எத்தனை உருப்படிகள் உள்ளன என்பது ஒன்று. மேடையில் எத்தனை முறை வருகிறது என்பது மற்றொன்று. ஒருவர் காதில் எந்த வழியாகவேனும் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் எண்ணிவிடலாம். மூன்றாவதுதான் கேட்கும் அனுபவத்தைத் தீர்மானிக்கிறது; அது ஆளுக்கு ஆள் மாறும். சௌராஷ்டிரத்தைப் பாருங்கள். விரிவான ஆலாபனை கேட்பது அரிது. ஆனால் கச்சேரி முடிவில் பாடும் மங்களம் சௌராஷ்டிரம். கடைசி வரை உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள்.

காலமும் இதை மாற்றிப்போடும். இன்று கரகரப்பிரியா இல்லாமல் ஒரு சீசன் போகாது. ஆனால் மும்மூர்த்திகளில் தியாகராஜர் மட்டுமே அதில் கிருதிகள் செய்தார். மேளம் எனப்படும் 72 தாய் ராகங்களில் கரகரப்பிரியாவின் இடமான 22ஆம் மேளத்துக்குத் தீட்சிதர் ஸ்ரீராகத்தையே கையாண்டார். சியாமா சாஸ்திரிகளும் கரகரப்பிரியாவைத் தொடவில்லை. 'சக்கனி ராஜ', 'பக்கல நிலபடி' போன்ற கிருதிகள் சீடர் பரம்பரை வழியே பரவித்தான் அது பெரிய ராகமாகியது. ராகத்தின் சுரங்கள் அப்படியே இருக்க, கேட்கும் கூட்டம்தான் மாறியது.

கேள்வி: எனக்கு சங்கீதம் தெரியாது, சினிமாப் பாட்டு மட்டும்தான். ஆனால் 'நளினகாந்தி அபூர்வ ராகம்' என்று டிவியில் சொன்னபோது, அது எனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு மாதிரியே இருந்தது. அப்படியென்றால் எனக்கு அந்த ராகம் தெரியும் என்று சொல்லலாமா?
– வாசகி, விருதுநகர்

பாதி தெரியும் என்று தாராளமாகச் சொல்லலாம். நளினகாந்தி என்றால் சபா ரசிகருக்குத் தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்சரா'. உங்களுக்கு 1993இல் இளையராஜா 'கலைஞன்' படத்துக்குப் போட்ட 'எந்தன் நெஞ்சில்'. இரண்டு வாசலும் ஒரே வீட்டுக்குத்தான்.

மீதிப் பாதி என்ன என்று சோதித்துப் பாருங்கள். முதலில் அந்தப் பாட்டை வார்த்தை இல்லாமல், 'ந ந நா' என்று முனகுங்கள். அப்போதே பாட்டு நழுவினால் நீங்கள் நினைவில் வைத்திருப்பது வரிகளை, ராகத்தை அல்ல. நழுவவில்லை என்றால், நளினகாந்தியின் ஏறு வரிசையைக் கேளுங்கள்: ச க ரி ம ப நி ச. ச-விலிருந்து நேராக ரி-க்குப் போகாமல், க-வைத் தொட்டுத் திரும்பி ரி-க்கு வந்து ம-வுக்குத் தாவும். இந்த வளைவுதான் ராகத்தின் அடையாளம். இறங்கும்போது ச நி ப ம க ரி ச என்று நேராக வரும். தைவதம் கிடையாது. மூன்றாவதாக, பாட்டு சேராத ஒரு நளினகாந்தியை, வயலினிலோ புல்லாங்குழலிலோ வாசித்த ஆலாபனையை, பெயர் பார்க்காமல் கேளுங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் உங்கள் பாட்டு நினைவுக்கு வந்தால் ராகம் உங்களுக்குள் இறங்கிவிட்டது.

இங்கே அடிக்கடி ஒரு தவறு நடக்கும். பாட்டு நினைவுக்கு வந்ததுமே ராகம் இதுதான் என்று முடிவு கட்டிவிடுவோம். திரைப்பாடல்கள் சரணத்தில் வேறு ராகத்துக்குப் போய்விடுவதும், அந்நிய சுரத்தைச் சேர்ப்பதும் சாதாரணம். 1975இல் வந்த 'அதிசய ராகம்' பாடலின் தொடக்கம் பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய மகதி: ச க ப நி என்று நான்கே சுரம். ஆனால் பாட்டு முழுக்க மகதியில் இல்லை. ஆகவே பல்லவியை மட்டும் நம்புங்கள். அதிலும் ஒரே ராகத்தில் வேறு வேறு ஆட்கள் போட்ட இரண்டு பாட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டால் நல்லது. 1977இன் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', 2008இன் 'கண்கள் இரண்டால்' இரண்டும் ரீதிகௌளை. இரண்டுக்கும் பொதுவாக எது கேட்கிறதோ அதுதான் ராகம், மீதி இசையமைப்பாளருடையது.

கேள்வி: விவாதி ராகங்கள் எனக்குக் காதில் நெருடுகின்றன. சுருதி சேராமல் பாடுவதுபோலவே இருக்கிறது. பழகினால் சரியாகுமா, அல்லது அவற்றின் இயல்பே அப்படியா?
– வாசகர், கோயம்புத்தூர்

பழகும். உண்மையில் நீங்கள் பாதி பழகியும் விட்டீர்கள். கச்சேரித் தொடக்கத்தில் வரும் 'நாட்டை', விவாதி சுரங்கள் (ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் சுரங்கள்) உள்ள ராகம்தான். பஞ்சரத்னத்தில் வரும் வராளியும் அப்படியே. இவை இரண்டும் உங்களுக்கு நெருடுவதாகச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? நெருடல் சுரத்தால் மட்டும் வருவதாக இருந்தால் நாட்டையும் நெருட வேண்டும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு ஸ்தாயியில் 12 இடங்கள். சுரப் பெயர்களோ 16. நான்கு இடங்களுக்கு இரண்டிரண்டு பெயர். ரி-யும் க-வும் சேரும் வகைகள் 6. அவற்றில் சுத்த ரிஷபத்தோடு சுத்த காந்தாரம், ஷட்சுருதி ரிஷபத்தோடு அந்தர காந்தாரம் ஆகிய 2 வகைகளில் ரி-யும் க-வும் ஒட்டிக்கொண்டு நிற்கும், அவை விவாதி. த-நி பக்கமும் அதேபோல் 2. விவாதி இல்லாதவை 4 × 4, இரண்டு மத்தியமத்துக்கும் சேர்த்து 32. ஆக 72 மேளங்களில் 40 விவாதி. பாதிக்கு மேல்! இவற்றை ஒதுக்கினால் மேள அமைப்பில் பெரும்பகுதியை ஒதுக்குவதாகிவிடும்.

காதைப் பழக்க ஒரே ஒரு சுரம் மட்டும் மாறும் ஜோடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 28ஆம் மேளம் ஹரிகாம்போதிக்கும் 34ஆம் மேளம் வாகதீசுவரிக்கும் ரிஷபம் மட்டுமே வேறு. கீபோர்டில் ச-வை வைத்தால் ஹரிகாம்போதியின் ரி இரண்டாவது கட்டை, வாகதீசுவரியின் ரி மூன்றாவது கட்டை. க இரண்டிலும் நான்காவது. அதாவது ச-ரி தூரம் அகலமாகி, ரி-க தூரம் நெருங்கிவிடுகிறது. உங்கள் காது எதிர்பார்க்கிற இடத்தில் ரி இல்லை என்பதுதான் நெருடல். 29 சங்கராபரணம் – 35 சூலினி, 27 சரசாங்கி – 33 காங்கேயபூஷணி, 26 சாருகேசி – 32 ராகவர்த்தினி எல்லாம் இதே வகை ஜோடிகள். மேள எண்ணோடு 6 கூட்டினால் போதும்.

தம்புரா ஓட விட்டு, பழகிய ராகத்தை 10 நிமிடம் கேளுங்கள். நிறுத்தாமல் அதன் ஜோடியை 10 நிமிடம் கேளுங்கள். மறுநாள் வரிசையை மாற்றி, விவாதியை முதலில் வையுங்கள். ஒரு வாரம் ஒரே ஜோடி. தினம் ஒன்று மாற்றினால் எதுவும் பதியாது. வாகதீசுவரிக்குத் தியாகராஜரின் 'பரமாத்முடு' நல்ல துணை. தமிழில் வேண்டுமென்றால் 72 மேளங்களிலும் கோடீசுவர ஐயர் செய்த 'கந்த கானாமுதம்' கிருதிகள் இருக்கின்றன. வானொலியில் பணியாற்றிய எஸ். ராஜம் அவற்றைப் பாடியும் கற்பித்தும் பரப்பினார். விவாதி சுரத்தை எங்கே ஊன்ற வேண்டும், எங்கே தொட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதை அவர் பாட்டில் தெளிவாகக் கேட்கலாம்.

நெருடலுக்குப் பாடுபவரும் காரணமாக இருக்கக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஷட்சுருதி ரிஷபத்தைப் பிடிக்கும்போது அந்தர காந்தாரம் இழுக்கும். மனதில் காந்தாரம் உறுதியாக இல்லாதவர் இரண்டுக்கும் நடுவில் தொங்குவார். அப்போது நீங்கள் கேட்பது உண்மையாகவே அபசுரம்தான். அதை விவாதியின் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். எப்படிப் பிரித்தறிவது? அதே சுரம் இரண்டாம் முறை வரும்போது அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ராகத்தின் சுரம். ஒவ்வொரு முறையும் இடம் மாறினால் பாடகரின் தடுமாற்றம்.

கேள்வி: என் மகன் இங்கே பியானோ கற்கிறான். அவனுடைய ஆசிரியைக்குத் தோடி ஆலாபனை ஒன்றைப் போட்டுக் காட்டினேன். சுருதி விலகுகிறதே என்றார். தோடி நம் இசையிலேயே மிகப் பெரிய ராகமல்லவா? வெளியாருக்கு எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, டொராண்டோ

தோடியிலிருந்து தொடங்காதீர்கள், அதுதான் முதல் பதில். நம் கூட்டத்துக்கு மிகவும் பழகிய ராகம் வெளியாருக்கு மிகவும் புதிராக இருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. மேலும் கீழும் அசைவதே அந்தச் சுரம். ஒரு சுரத்துக்கு ஒரு கட்டை என்று பழகிய காது, அந்த அசைவின் ஒவ்வொரு முனையையும் தனித்தனிச் சுரமாக எடுத்துக்கொண்டு, எதுவும் சரியாக இல்லையே என்று தவிக்கும். அதே சுரங்களைக் கீபோர்டில் தட்டினால் அவருக்குப் புரியும். நமக்குத் தோடியாக இராது.

இந்துஸ்தானி ரசிகருக்கும் இதே சங்கடம். அவர்கள் 'தோடி' என்பது நம் சுபபந்துவராளிக்குரிய சுரங்கள். நம் தோடியின் சுரங்கள் அவர்களுக்குப் பைரவி. நம் ஹம்சானந்தியின் சுரங்களை வைத்து அவர்கள் மார்வா, பூரியா, சோஹனி என்று மூன்று ராகங்கள் பாடுகிறார்கள். நம்மில் பலருக்கு மூன்றும் 'ஏதோ ஒரு ஹம்சானந்தி'யாகவே கேட்கும். அவர்களுக்கோ மூன்றும் மூன்று முகம்.

1984இல் காஸ்டெல்லானோ, பாருச்சா, கிரம்ஹான்ஸ்ல் ஆகிய ஆய்வாளர்கள் 10 வட இந்திய ராகங்களை இந்தியருக்கும் மேலைநாட்டவருக்கும் வாசித்துக் காட்டி, எந்தச் சுரம் எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். எந்தச் சுரம் அதிக நேரம் ஒலித்ததோ அதை முக்கியம் என்று இரு தரப்பாருமே கண்டுகொண்டார்கள். ஆனால் அந்த ராகம் எந்தத் தாட்டை (இந்துஸ்தானி இசையின் தாய் வரிசை) சேர்ந்தது என்பதன் சாயல் இந்தியரின் மதிப்பீடுகளில் மட்டுமே தெரிந்தது. ஆக, அந்த ஆசிரியையின் காது காலியாக இல்லை. நீண்டு நிற்கும் சுரத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆகவே சுரங்கள் நீண்டு நிற்கும் ராகத்தைக் கொடுங்கள்.

நோட்டுஸ்வரத்தில் தொடங்குங்கள். ஆங்கிலேயர் காலத்துப் பேண்டு மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டு. கனடாவில் வளர்ந்தவருக்கு உடனே தெரியும். அடுத்து மோகனம், அந்த ஐந்து சுர வரிசை உலகில் பல நாட்டு இசையில் உண்டு. பிறகு ஹம்சத்வனி, கல்யாணி. ஒவ்வொன்றும் 5 நிமிடத்துக்கு மிகாமல், குரலைவிடக் குழலில். தோடியை வீணையில், வீடியோவாகக் காட்டுங்கள். விரல் தந்தியை இழுத்து அசைப்பது கண்ணுக்குத் தெரியும்போது, அது சுருதி விலகல் இல்லை, வேண்டுமென்றே செய்வது என்று பியானோக்காரருக்கு விளக்கம் இல்லாமலே விளங்கும்.

கேள்வி: அதிகம் பேருக்குத் தெரியாத ராகம் உயர்ந்த ராகமா?
– வாசகர், தஞ்சாவூர்

இல்லை. பல ராகங்கள் அதிகம் பாடப்படாததற்குக் காரணம், அவற்றில் பாட அதிகம் இல்லாததுதான். ஆரோகண அவரோகணத்தைத் தாண்டித் தனக்கென்று பிடிகள் இல்லாத ராகத்தில் இரண்டு நிமிடத்துக்குப் பிறகு திரும்பத் திரும்ப அதே ஏணியில் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ராகம் ரசிக்க முடிகிறது. தனி ஆவர்த்தனம் வந்தால் ஒன்றும் புரியவில்லை. எழுந்து போகவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, ஸ்ரீரங்கம்

எழுந்து போகாமல் இருப்பதே முதல் உதவி. அடுத்து, மிருதங்கத்தைப் பின்தொடர முயலாமல் தாளத்தை மட்டும் போடுங்கள். ஆதி தாளம்: லகு 4, துருதம் 2, துருதம் 2, ஆக 8 எண்ணிக்கை. கை விடாமல் இருந்தால் போதும், புரியாவிட்டாலும் பரவாயில்லை. தட்டுக்கு 4 மாத்திரை வீதம் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை.

கோர்வை, தீர்மானம் எனப்படும் முடிப்புகள் பெரும்பாலும் ஒரு சொல்லை மூன்று முறை சொல்லி முடியும். எளியது: 4 மாத்திரைச் சொல் மூன்று, நடுவில் 2 மாத்திரை வீதம் இரண்டு இடைவெளி. 4+2+4+2+4 = 16. துருதம் விழும் ஐந்தாவது எண்ணிக்கையில் தொடங்கினால் சரியாகச் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து விழும். இதை நீங்கள் எளிதில் பிடிப்பீர்கள். குழப்பம் தொடங்குவது 'ததிகிணதொம்' என்ற 5 மாத்திரைச் சொல்லில். மூன்று முறை, நடுவில் 1 மாத்திரை இடைவெளி: 5+1+5+1+5 = 17. 16-க்கு ஒன்று அதிகம். ஆகவே வாசிப்பவர் ஐந்தாவது எண்ணிக்கைக்கு ஒரு மாத்திரை முன்னதாகவே தொடங்கிவிடுவார். கை தட்டில் விழும் நேரத்தில் சொல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். 'தாளம் தப்பிவிட்டதோ' என்று நமக்குத் தோன்றும் இடம் பெரும்பாலும் இதுதான். அந்த நேரத்தில் கையை நிறுத்தாதீர்கள். மூன்றாவது முறை முடிந்து எடுப்பில் சேரும்போது விடை கிடைத்துவிடும். எடுப்பு என்பது பாட்டு தொடங்கும் இடம். அது சமத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை, சற்றுத் தள்ளியும் இருக்கலாம். எனவே தனிக்கு முன்பே, பாட்டின் அந்த வரி தட்டிலிருந்து எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

திருப்புகழ் சபைகளில் பாடிப் பழகியவர்களைக் கவனியுங்கள். அருணகிரிநாதரின் சந்தங்கள் கச்சேரித் தாளங்களுக்குள் அடங்காத அளவு விதவிதமானவை. அவர்கள் கையில் எண்ணாமல், சொல்லின் குறில் நெடிலிலேயே தாளத்தைப் பிடித்துவிடுகிறார்கள். உங்கள் ஊரில் அத்தகைய சபை இருந்தால் சில மாதம் போய்ப் பாடுங்கள்.

கேள்வி: நான் வளரும் பாடகி. அபூர்வ ராகம் பாடினால் கூட்டம் கலைகிறது என்கிறார் சபா செயலர். பாடாமல் இருக்க எனக்கு மனமில்லை. எப்படி வைத்தால் நிற்கும்?
– வாசகி, சென்னை

2 மணி நேரக் கச்சேரிக்கு ஒன்று போதும். வர்ணமும் பிள்ளையார் பாட்டும் முடிந்து, பிரதான ராகத்துக்கு முன், காது இன்னும் களைக்காத இடத்தில் வையுங்கள். பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அரங்கில் பாதிப்பேர் ராகத்தைக் கேட்காமல் அதன் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆரோகண அவரோகணத்தை ஒரு முறை பாடிக் காட்டுவதும் நல்லது.

ஆலாபனை 5 நிமிடம். முதல் நிமிடத்திலேயே ராகத்தின் தனிப்பிடியை வைத்து, அதை இரண்டு மூன்று முறை திரும்பக் காட்டுங்கள். பழகிய ராகத்தில் பிடியை ஒளித்து வைத்து விளையாடலாம்; பழகாததில் கேட்பவருக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். அதன் உறவு ராகத்தை அருகில் வைக்காதீர்கள். ஜனரஞ்சனி பாடும் நாளில் பூர்ணசந்திரிகாவும் சங்கராபரணமும் வேண்டாம். இரண்டின் சாயலும் மேலேறி ஜனரஞ்சனியை விழுங்கிவிடும். முன்னால் தோடியோ பந்துவராளியோ இருந்தால் அது பளிச்சென்று தெரியும். வயலின் வாசிப்பவரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். அவர் மேடையில் சுரம் தேடினால் அரங்கத்துக்கு உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக, ஒரு சீசனில் பத்துக் கச்சேரி என்றால் பத்து அபூர்வ ராகம் பாடாதீர்கள். ஒன்றையே பத்து இடத்திலும் பாடுங்கள். அடுத்தடுத்துக் கண்ணிலும் காதிலும் படுவதாலேயே ஒன்றின்மீது விருப்பம் வளர்கிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் எழுதினார். ரேவதி இன்று பலருக்கும் தெரிந்த ராகமாக இருப்பதற்கு மகாராஜபுரம் சந்தானம் 'போ சம்போ'வைக் கச்சேரி தோறும் பாடியது பெரிய காரணம். உங்கள் ராகத்துக்கு, கச்சேரியின் பிற்பகுதியில் பாடும் ஒரு சின்னத் துக்கடாவும் பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆலாபனை நேரத்தில் வெளியே போனவர்களும் துக்கடா நேரத்தில் உள்ளே வந்துவிடுவார்கள்.